கடல்பாசி

சஹர் முடித்து
மேல்விஷாரத்தில் பஸ் ஏறினால்
வலப்பக்கம் மணலாகக் கூடவே வரும் பாலாறு.
ஆறேகாலுக்கு வேலூர்.
ஆட்டோக்ளேவ் மூடியைத் திறக்கையில்
அன்றைய முதல் ஆவி என் முகத்துக்கு.

ஆஸ்பத்திரியின் மீடியா அறை ஒரு சமையலறைதான்,
டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.
எடை போட்டு, கரைத்து, கொதிக்கவிட்டு,
ஆறுகிற குடுவையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்.
சுடணும், ஆனால் பொறுக்கணும்.
அந்தப் பதத்தில்தான் ஆட்டு ரத்தம்.
முந்தினால் சாக்லேட் நிறமாகிவிடும்,
பிந்தினால் குடுவைக்குள்ளேயே உறைந்துவிடும்.
நாற்பது தட்டு.
மூடிமேல் தேதி, ஓரத்தில் ஒரு ச.
சபூரா என்று முழுதாக எழுத இடமில்லை.

வேலைக்கு வந்த முதல் வாரம்
டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டுச் சொன்னேன்,
இது நம்ம கடல்பாசி,
ரோஸ் எசன்ஸ் விட்டால் நோன்பு திறக்கலாம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

பயிற்சிக் குறிப்பின் அடியில்
பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது.
ஜெர்மனியில் ஒரு கோடை.
ஜெலட்டினில் வளர்த்த கிருமிகள்
ஜெலட்டினையே தின்று கூழாக்க,
உன் பழ ஜெல்லி மட்டும் உருகுவதில்லையே என்று
மனைவியைக் கேட்டாராம் ஒரு டாக்டர்.
ஜாவாவில் இருந்து வந்த பக்கத்து வீட்டார்
சொல்லித் தந்தது என்றாளாம் அவள்.
இன்றைக்குத் தட்டுக்கு ஒருவர் பெயர்,
சாயத்துக்கு ஒருவர் பெயர்.
அவள் பெயரை நான் எந்த லேபிளிலும் ஒட்டியதில்லை.

அதற்கும் இருநூறு வருஷம் முன்னால்
குடியாத்தம் லுங்கிக் கடைக்காரர் மாதிரி
யாரோ ஒரு ஜவுளிக்காரர்.
நூலை எண்ணக் கண்ணாடி பிடித்த பழக்கம்.
தன் பல்லிடுக்கை வழித்துப் பார்த்துவிட்டு எழுதினார்:
என் வாய்க்குள் இருக்கிற உயிர்கள்
இந்த நாட்டு ஜனத்தைவிட அதிகம்.
நோன்பு வாயோடு இதை நினைத்தால்
கூட்டம் நெரிகிறது.

செவ்வாய்க்கிழமை வந்த மாதிரி:
தணிகாசலம், 46, பேர்ணாம்பட்டு, தோல் கிடங்கு.
முழங்கையில் கறுப்புப் பொருக்கு. வலியில்லை.
வலியில்லை என்ற சொல்லைத்தான்
டாக்டர் இரண்டு முறை வாசித்தார்.

இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி.
வெளியே வேலூரில் நாற்பத்தொன்று.
இந்த ஊரிலேயே குளுமையான இடம்
கிருமிக்கு ஒதுக்கிய பெட்டி.

புதன்கிழமை முளைத்திருந்தது.
பொடித்த கண்ணாடி தூவினாற்போல் சாம்பல் வட்டம்,
விளிம்பில் சிக்கெடுக்காத தலைமுடி.
சாயமேற்றினால் ஊதாக் குச்சிகள், வரிசையாக,
கரும்புத் துண்டுகளைக் கட்டிவைத்த மாதிரி.
அடைப்பான்.
இதே குச்சிகளைச் செத்த ஆட்டின் ரத்தத்தில் கண்டு
மரச்சிம்பில் தொட்டு எலிக்கு ஏற்றினார்
ஏதோ சிற்றூர் வைத்தியர்.
எலி செத்தது. எலியிலும் குச்சி.
அந்த வரிசையில்தான் இன்றும் நாங்கள் யோசிக்கிறோம்.
வித்தாகிவிட்டால் அது மண்ணில் பல வருஷம் கிடக்கும்.
உப்புப் போட்ட தோலில் கிடக்கும்.
ஒரு கீறலுக்குக் காத்திருக்கும்.

ஆட்டுத் தோல் கொடுத்ததை
ஆட்டு ரத்தம் காட்டிக்கொடுத்தது.
நடுவில் நான் ஊற்றிய பாசி.

வியாழக்கிழமை பென்சிலின் வில்லையைச் சுற்றி
சுத்தமான ஒரு வெற்றிடம்.
யாரோ வார்டுக்குப் போன் செய்தார்கள்.
தணிகாசலத்தின் முகம் எனக்குத் தெரியாது,
அவருக்கு என் ச தெரியாது.
எட்டாம் எண் தட்டை
மற்றவற்றோடு சேர்த்து ஆவியில் கொன்றேன்.
மூடி உருகி ச வளைந்துபோயிருந்தது.

சாயங்காலம் வீடு.
தாம்பாளத்தில் ரோஸ் நிறக் கடல்பாசி,
உறைந்துவிட்டதா என்று
மைமூன் மகன் விரலால் குத்துகிறான்.
அந்தக் குழியில் நாளைக்கு என்னென்ன முளைக்கும்,
எந்த நிறத்தில், எந்த விளிம்போடு என்று
எனக்குத் தெரியும்.
சொல்ல வாயெடுத்தேன்.
பாங்கு சொல்லிவிட்டார்கள்.