நான்காம் படுக்கை, டயர்ட்

கிரிம்ஸ்பி ஆஸ்பத்திரி, ஏழாம் வார்டு.
இரவுப் பணி முடிகிற நேரம்
இல்டிகோ குறிப்பேட்டில் எழுதுகிறாள்:
நான்காம் படுக்கை, மிஸ்டர் ஸ்டெய்ன்டன்,
வயது நாற்பத்தாறு, டயர்ட்.

அதற்கப்புறம் என்ன போடுவது?
அங்கேதான் அவளுக்கு எப்போதும் தடுக்கும்.

அவள் பிறந்த ஹங்கேரிய மொழியில்
பயம் ஒன்றிலிருந்து வரும்.
பெருமை ஒன்றின்மேல் ஏறி உட்காரும்,
கோபத்துக்கும் அதே நாற்காலிதான்.
காதல் நேராக ஆளுக்குள் போய்விடும்,
கதவைத் தட்டாது.
எல்லாம் சொல்லின் வாலிலேயே ஒட்டியிருக்கும்,
தனியே தேடி எடுத்து வைக்க வேண்டியதில்லை.

இங்கே வந்து பார்த்தால்
பயத்துக்கும் ஆஃப், பெருமைக்கும் ஆஃப்,
பொறாமைக்கும் அதே ஆஃப்.
கெட்டிக்காரிக்கு மட்டும் ஏனோ அட்.
மேரீட் வித் என்றாள் முதல் வாரம்,
டு என்று சிரித்துத் திருத்தினார்கள்.
இரண்டு வருஷம் கழித்து டிவோர்ஸ்ட் ஃப்ரம்.
அதை யாரும் திருத்தவில்லை.

விதி உண்டா என்று கேட்டால்
காதுக்குப் பழகிவிடும் என்கிறார்கள்.

டயர்ட் ஃப்ரம் என்றால் களைப்பு:
பகலில் தாழ்வாரத்தில் இரண்டு நடை
நடக்கவைத்திருக்கிறார் பிசியோதெரபிஸ்ட்,
தூங்கி எழுந்தால் போய்விடும்.
டயர்ட் ஆஃப் என்றால்
தூங்கினாலும் போகாதது.

அவள் ஆஃப் என்று எழுதினாள்.

ஏழரைக்கு வந்த சிஸ்டர் பவுலின்
பச்சை மையில் அடித்து ஃப்ரம் ஆக்கினார்.
"பரவாயில்லை கண்ணு,
எல்லாருக்கும் சறுக்குகிற இடம்தான்."
அன்பாகத்தான் சொன்னார், டீயில் பால் ஊற்றிக்கொண்டே.

இல்டிகோ கோட்டு மாட்டினாள்,
பொத்தான்களைப் போட்டாள்,
லிஃப்ட் வரைக்கும் போனாள்.

மூன்றரை மணிக்கு
தண்ணீர்க் குவளையைத் தொடாமல்
சுவரைப் பார்த்தபடி அவர் சொன்னது:
டயர்ட் ஆஃப் இட். ஆல் ஆஃப் இட்.
இரண்டு ஆஃப்.
அவள் எண்ணியிருந்தாள்;
இந்த மொழியில் அவள் எண்ணாத சொல் கிடையாது.

திரும்பி வந்து
பச்சைக்கு மேலே நீலத்தில்
கொட்டை எழுத்தில் எழுதினாள்.
"இது என் பிழை இல்லை, சிஸ்டர்.
அவர் சொன்னது."

பவுலின் பால் புட்டியை மூடவில்லை.
நான்காம் படுக்கையின் திரையை ஒரு தடவை பார்த்தார்.
ஃபோனை எடுத்தார்.

எட்டு மணி பஸ் போய்விட்டிருந்தது.
நிறுத்தத்தில் மீன் வாடையும் காற்றும்.
வொரீட் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்,
அபௌட்டா ஃபாரா என்று
இன்றைக்குப் பார்க்கவில்லை.