மூன்றாம் போத்தல்

ஓடும்போது ஒன்றுமில்லை.
வூப்பர்டால் மேடுகளில் அறுநூறு கிலோ அரிசியோடு
மூன்றாம் கியரில் முனகாமல் ஏறும்.
சிவப்பு விளக்கில் நிற்பாட்டினால்தான்
அந்தத் தள்ளாட்டம்:
டக் டக் டக், ஒரு பள்ளம், டக் டக் டக்.
பின்கண்ணாடி உதறும்.
டாஷ்போர்டில் போட்ட சில்லறை
அரைந்து அரைந்து விளிம்புக்கு வரும்.

காத்துப் பிடிச்சிருக்கும் என்றான் ரெஜினோல்ட்.
டீசல் எங்க அடிச்சனி என்றார் கணக்கு எழுதுகிற மகாலிங்கம்.
ஃபில்டர் மாற்றினேன், எண்பது யூரோ.
எஞ்சின் தாங்கும் ரப்பர், இருநூற்றுப் பத்து.
தள்ளாட்டம் எனக்கே மிஞ்சியது.

நுர்ஜானின் கராஜ் பார்மனில்,
தொங்குரயிலுக்கு நேர் கீழே.
மேலே பெட்டி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவாள்,
போனபின் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவாள்.
நாலு இன்ஜெக்டரின் திரும்பும் குழாய்களையும் கழற்றி
நாலு போத்தலில் விட்டாள்.
ஆப்பிள் சாற்றுப் போத்தல்கள், லேபிள்கூட உரிக்கவில்லை.
எஞ்சினை நின்றபடி ஓடவிட்டு
கைகட்டிக்கொண்டு பார்த்தாள்.

முதலாவதில் ஒரு விரல் உயரம்.
இரண்டாவதிலும் அவ்வளவே.
நாலாவதில் அதைவிடக் குறைவு.
மூன்றாவது கழுத்துவரை.

"இவன்தான். கொடுக்கிறதை எரிக்கிறதில்லை,
வந்த வழியே அனுப்பிவிடுகிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
பத்து வருடமாகச் சீட்டுக் கட்டுகிறவன் நான்.
திருப்பிக் கொடுக்கிறவனே நல்லவன்
என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறேன்.

"மற்ற மூன்றும் என்ன செய்யும்?"
"கம்ப்யூட்டர் இருக்கிறதே. அவற்றில் துளித்துளியாய்க் குறைத்து
இவனுக்குக் கூட்டும். ஓட்டத்தில் யாருக்குத் தெரியும்?
நின்றால்..."
மேலே ரயில் வந்தது.
பொறுத்திருந்தாள்.
"...கணக்கு வெளியே வந்துவிடும்."

சட்டைப்பையில் காலையில் அனுப்பிய காசின் ரசீது.
ஊரில் தம்பி மூன்றாம் தளம் எழுப்புகிறான்.
முதல் இரண்டையுமே நான் பார்த்ததில்லை.
வதனி ஆஸ்பத்திரி லாண்டரியில்
இப்போது இரவிலும் நிற்கிறாள்.
மகனின் நீச்சல் வகுப்பு அடுத்த வருடத்துக்குப் போய்விட்டது.
கிழமை முழுக்க நன்றாகத்தான் ஓடுகிறோம்.
ஞாயிற்றுக்கிழமை மூவரும் மேசையில் இருந்தால்
குழம்புச் சட்டியில் கரண்டி
தன்பாட்டில் அதிர்கிற மாதிரி இருக்கும்.

"பழையது நூற்றிருபது. புதிது முந்நூற்று நாற்பது.
யோசித்துச் சொல்."
கையைத் துடைத்துக்கொண்டு
மூன்றாம் போத்தலை என்னிடம் நீட்டினாள்.
"உன்னுடைய டீசல்தானே. டாங்கில் ஊற்று."

வாங்கினேன்.
எரியாமலே
சுட்டது.