பதினெட்டாவது சென்டிமீட்டர்

பாளையங்கோட்டையில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
ஏப்ரல் வெயில் ஓட்டைத் துளைத்து இறங்கி
சிவப்பு மையைப் பிசுபிசுக்க வைக்கிறது.
காலைக் கட்டில் பதினொன்றாவது தாள்.
பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு போலி எண் மட்டும்.

ஆறு மைக்ரோகூலூம் இங்கே,
மைனஸ் இரண்டு மைக்ரோகூலூம் அங்கே,
இடையில் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
இரண்டையும் இணைக்கும் கோட்டில்
மின்னழுத்தம் எங்கே சுழி?

எல்லாத் தாளும் ஒன்பது என்கிறது.
ஆறை ஒன்பதால் வகு, இரண்டை மூன்றால் வகு,
ஒன்றை ஒன்று தின்றுவிடும்.
திசை வேண்டாம், அம்புக்குறி வேண்டாம்.
யாரிடம் எவ்வளவு, எந்தக் குறி, எத்தனை தூரம்:
மின்னழுத்தத்துக்கு அது போதும்.

இந்தப் பிள்ளை மட்டும்
கோட்டை ஸ்கேல் வைத்து வெளியே இழுத்து
சின்னதைத் தாண்டி இன்னொரு புள்ளி வைத்திருக்கிறது.
பதினெட்டு.

"கீயில ஒம்பது மட்டும்தான டீச்சர் இருக்கு."
ஞானதிரவியம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
"பதினெட்டயும் போட்டுப் பாருங்க சார்."
போட்டார், வினாத்தாள் ஓரத்தில், பென்சிலால்.
ரொம்ப நேரம் பேசவில்லை.

பெரிய அண்ணன் அம்பாசமுத்திரத்தில்.
சின்னவன் சேரன்மகாதேவியில்.
எட்டு மரக்கால் விதைப்பாட்டுக்காக
இருவருக்கும் பேச்சு நின்று பதிமூன்று வருடம்.
வீரவநல்லூரில் வாடகைக்கு இருந்து பார்த்தேன்,
இந்தப் பக்கத்துப் பொங்கல்படியும்
அந்தப் பக்கத்துப் பொங்கல்படியும்
கணக்காய்க் கழிந்துபோகும் இடம் அதுதான் என்று.
பிறகு முன்னீர்பள்ளத்துக்கு வந்துவிட்டேன்.
சின்னவனையும் தாண்டி, வெளியே.

சுழி என்றால் சும்மா இருக்கலாம் என்றில்லை.
இருபது வருடமாக நான்தான் கரும்பலகையில் எழுதுகிறேன்:
மின்னழுத்தம் வேறு, மின்புலம் வேறு.
அந்தப் பதினெட்டில் ஒரு நேர்மின்துகளை வைத்துவிட்டுக்
கையை எடுங்கள்.
நகரும்.
பெரியது தள்ளுவதைவிடச் சின்னது இழுப்பது கூடுதல்,
பக்கத்தில் இருப்பதால்.

ஐந்துக்கு ஐந்து போட்டேன்.
ஒரு வார்த்தை எழுத விதி கிடையாது.
பதினெட்டின் மேல் டிக்கைக் கொஞ்சம் பெரிதாக இழுத்தேன்.
அந்தப் பிள்ளை பார்க்கப் போவதில்லை.

சாயங்காலம், வாசலில் ஒப்படைத்த போனை வாங்கினால்
தவறிய அழைப்பு இரண்டு. இரண்டும் சின்னவன்.
திருப்பிக் கூப்பிடவில்லை.
சேரன்மகாதேவி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.

முன்னீர்பள்ளத்தில் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார்.
"மிச்ச தூரத்துக்கும் ஒரு டிக்கெட் குடுங்க."