பார்வை மறைக்கும் அறை

பத்தொன்பது வருடமாக
பாப்பன்பூர்க் கப்பல் தளத்தில்
குளியலறை பூட்டுகிறேன்.
கண்ணாடி, கைப்பிடி, சவர்க்காரத் தட்டு,
வெள்ளைச் சிலிக்கோனை
விரல் நுனியால் இழுத்துவிடும் அந்த ஓரம்.
ஒரு கப்பலில் இரண்டாயிரம் அறை.
ஒன்றில்கூட நான் முகம் கழுவியதில்லை.

எங்கள் வீட்டில் இதுவரை
மானம் மட்டும்தான் கப்பலேறியது.
எந்தக் கம்பனி, எத்தனையாம் தளம் என்று
ஒருவரும் கேட்டுவைக்கவில்லை.

இப்போது சுகுணவதி
அலாஸ்கா என்கிறாள்.
"வெயில் பாத்த சாமான்தானே.
ஐசைப் பாப்பம்."

கால்வாய் ஓரம், மழை,
யான்சென் அம்மாளின் பயண முகவரகம்.

முதலாவது:
வன்கூவரில் ஏறி வடக்கே போய் இறங்குவது.
தீவுகளுக்கு உள்ளால் ஓடும் வழி,
அலை குறைவு, பனியாறு இரண்டு.
சுகுணவதி பக்கத்தை மூடினாள்.
"வன்கூவர் மட்டும் வந்திட்டு
டொரன்டோ வராமல் போனீங்களோ எண்டு
பெரிய மச்சாள் செத்தவீட்டிலயும் கேப்பா."
இடையில் நாலரை மணித்தியாலப் பறப்பு இருப்பதை
எங்கள் சொந்தத்துக்கு
விளக்கி வென்றவர் இல்லை.

இரண்டாவது:
சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது.
ஏழு இரவு. பனியாறு ஒன்று.
முதல் நாள் திறந்த கடல்;
இவளுக்கு பஸ்ஸிலேயே சத்தி.
கடைசி இரவு விக்டோரியாவில் நாலு மணித்தியாலம்.
"அதுவும் கனடாதானே?"
"ஓம்."
"அப்ப அங்க படம் எடுக்கிறேல்ல."

மே மாதம் மலிவு.
யூலையில் திமிங்கிலம்,
விலையும் அதே அளவு.
செப்டம்பரில் மழை. கெச்சிக்கானில் எப்போதும் மழையாம்.
அதற்கு பாப்பன்பூர்க்கே போதுமே என்றேன்.
யான்சென் அம்மாள் சிரிக்கவில்லை.
அவர் இங்கே பிறந்தவர்.

பிறகு கப்பலின் படத்தைத் திருப்பிக் காட்டினார்.
எனக்கு உடனே தெரிந்துவிட்டது.
ஒன்பதாம் தளம், இடப்பக்கம்.
ஊவேக்கு முதுகு பிடித்துக்கொண்ட மாரி,
நூற்றுப் பதினான்கு அறை, நான் தனியே.
அதிலொன்றில் கண்ணாடிக்குப் பின்னால்
பென்சிலால் என் பெயர், தமிழில்.
எந்த அறை என்பது மறந்துபோயிற்று.

அது ஆற்றால் இறங்கிய இரவு
அணைக்கரையில் மடக்குக் கதிரை போட்டிருந்தோம்.
ஆறு ஒடுக்கம். கப்பல் பின்பக்கமாகத்தான் போகும்,
முகத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு,
எல்லா விளக்கும் எரிய,
அறைகளில் ஒருவரும் இல்லாமல்.
சுகுணவதி தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தபடி
"பொம்பிளை வெளிக்கிட்டிட்டா" என்றாள்.

இது வேண்டாம் என்றேன்.
பனி ஒடிந்து விழும் நேரம்
நான் குழாய்க்குக் கீழே படுத்து
ஒழுக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
"பாருங்கோ. கதவைச் சாத்திப்போட்டுப் பாருங்கோ.
நான் வெளியில பாக்கிறன்."

பால்கனிக்கு அவர் சொன்ன விலைக்கு
நாங்கள் இருவரும் ஒரேநேரம் தலையாட்டினோம்,
வேண்டாம் என்று.
உள்ளறைச் சுவர் எனக்குத் தெரிந்த சுவர்.
பக்கத்து அறைத் தும்மலுக்கு
இங்கிருந்து நூறு வயது சொல்லலாம்.

இன்னொன்று இருக்கிறது என்றார் யான்சென் அம்மாள்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.
ஜன்னல் உண்டு.
ஜன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகும் உண்டு.
முந்நூற்றைம்பது ஈரோ குறைவு.
அரைவாசி பனி, அரைவாசி செம்மஞ்சள்.

சுகுணவதி வரைபடத்தில்
அந்தச் சின்னப் பெட்டியைத் தொட்டாள்.
"உந்தப் படகில எத்தினை பேர் ஏறலாம்?"
"நூற்றைம்பது."
"எல்லாருக்கும் இடமிருக்கோ?"

மன்னார்க் கரையில் ஒருமுறை
இதையே கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

"எல்லாருக்கும். எண்ணித்தான் கட்டுறது."
"அப்ப இதையே போடச் சொல்லுங்கோ.
வாசலிலயே நிக்குதே."

மே பதினேழு. முற்பணம் இருபது வீதம்.
எட்டாம் தளம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.
ஒன்பது, ஒரு தட்டு மேலே.
அங்கே என் பெயருக்கு முன்னால் நின்று
யாரோ ஒருவர்
பல் தீட்டிக்கொண்டிருப்பார்.