கொள்ளாம்

வியாழக்கிழமை, இரவு எட்டு மணி.
வீட்டில் எல்லா அறைக்கும் காது இருப்பதால்
காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
கருங்கல் சந்தையிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர்.
கொட்டகையில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை
கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும்.
ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைக்கிறேன்.
இரண்டு கோடு சிக்னல். போதும்.

கோயம்புத்தூரில் ஆதிரை மேடம்.
முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு செடி.
நிஜச் செடியா என்று மூன்று வாரமாகப் பார்க்கிறேன்,
ஓர் இலைகூடப் பழுக்கவில்லை.

"இந்த வாரம் எப்படி இருந்தீங்க, புஷ்பம்?"

"கொள்ளாம்" என்றேன்.

அவர் முகம் உறைந்தது.
நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன்.
பிறகு உதடு மட்டும் அசைந்தது:
"யாரை?"

சிரிப்பை அடக்க முடியவில்லை.
மேடம், எங்கள் பக்கத்தில் கொள்ளாம் என்றால்
பரவாயில்லை, நன்றாயிருக்கிறது.
மீன்கறி கொள்ளாம். மாப்பிள்ளை கொள்ளாம்.
செத்த வீட்டுச் சாயாகூடக் கொள்ளாம்.
எல்லைக்கல் நட்டபோது அந்தப் பக்கம் போக வேண்டிய சொல்,
வேலைக்கு வந்தது, இங்கேயே தங்கிவிட்டது.

அவரும் சிரித்தார்.
ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை.
"பாதி கேட்டுட்டேன், மீதியையும் கேட்டுடறேன்.
உங்களையே ஏதாவது செஞ்சுக்கணும்னு
எப்பவாவது தோணியிருக்கா?"

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
தம்மாம் ஆஸ்பத்திரியில், அட்மிஷன் பாரத்தில்
பதினோராவது வரி.
பதினேழு வருசம் நைட் டியூட்டி.
வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்
கட்டிலுக்குக் கட்டில் எண் வாங்கியவள் நான்.
இந்த வரியில் மட்டும் பெரும்பாலும் கேட்காமலேயே
இல்லை என்று டிக் போட்டிருக்கிறேன்.

வருசத்துக்கு ஒரு மாசம் லீவு.
கூட்டிப் பார்த்தால் எங்கள் தாம்பத்தியத்துக்கு
பதினேழு மாசம்தான் வயசு.
கான்ட்ராக்ட் முடிந்து வந்தபிறகு
அது இப்போதுதான் எழுந்து நடக்கிறது,
மேஜையில் இடித்துக்கொள்கிறது.
எனக்குச் சீனி வேண்டாம் என்பது
ஞானதாசுக்குத் தெரியாது.
அவர் தூங்கும்போது ரேடியோ வேண்டும் என்பது எனக்கு.

ராத்திரி ஒறக்கம் இல்லை.
மூன்று மணிக்கு அவர் பால்வெட்டப் போவார்.
தலைவிளக்கு மரம் மரமாக நகரும்.
ஜன்னலில் நின்று எண்ணுவேன்,
வார்டைப் பார்த்துக்கொள்கிறவள்போல.

"மேடம்," என்றேன்,
"போன மாசம் ஒரு ராத்திரி கெணத்த எட்டிப் பாத்தேன்.
மோட்டார் ஓடுதான்னு பாக்கத்தான் போனேன்.
தேவைக்கு மேல கொஞ்ச நேரம் பாத்தேன்.
அதுக்கு எத்தன மார்க்குன்னு எனக்குத் தெரியல்ல."

அவர் எண் கேட்கவில்லை.
மூச்சை இழுத்துவிடச் சொல்லவில்லை.
நெட்வொர்க் போகவில்லை, இருந்தார்.
பிறகு கேட்டார்,
"அந்த நேரத்துல முழிச்சிருக்கிறவங்க
வீட்ல வேற யாராவது உண்டா?"

உண்டு.
தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு.

கதவைத் திறந்து இறங்கும்போது
வாசலில் நின்று கேட்டார் அவர்:
"பாங்குகாரன் இவ்வளவு நேரமா பேசுகான்?"
"பாங்கு இல்ல" என்றேன்.
அதற்குமேல் அன்றைக்கு வரவில்லை.

மூன்று மணிக்குச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன்.
ஈரச் சருகு. கொசு.
சத்தம் கேட்டுத் திரும்பினார்,
வெளிச்சம் முழுக்க என் கண்ணில்.
"யாரு! எளவு, பேடிச்சுப் போனேன்."
"ஒறக்கம் வரல்ல."
"எப்பம் முதல்?"
"வந்த நாள் முதல்."

கத்தி பட்டையிலேயே நின்றது.
சிரட்டைக்கு வழி தெரியாமல்
பால் மரத்தில் அங்குமிங்கும் இறங்கியது.
விளக்கைத் தட்டி அணைத்தார்.
இருட்டில் இரண்டு பேரும் நின்றோம்.
கிணற்றைப் பற்றிச் சொன்னேன்.

விடிந்ததும் பார்த்தேன்:
எல்லா மரத்திலும் நூல் பிடித்த வெட்டு,
அந்த ஒன்றில் மட்டும் கோணல்.
"உன்னால ஒரு மரம் போச்சு" என்று
இந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
கிணற்றுக்கு இரும்பு வலை அடிக்க
நாளைக்கு ஆள் வருகிறது.