பதினேழாம் நம்பர்

வண்டியிலிருந்து இறங்குகிறேன்,
ரவிக்கையின் கடைசிக் கொக்கி இன்னும் மாட்டவில்லை.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டை மேகம் பாதி தின்றுவிட்டது.
பெஞ்சில் நீ
டோக்கனைச் சுருட்டிச் சுருட்டித் திரியாக்கி வைத்திருக்கிறாய்.
எனக்கடுத்த நம்பர்.
கொஞ்சம் தள்ளி உட்கார், சொல்கிறேன்.

அக்குளில் பவுடர் போட்டிருக்கிறாயா?
டவுனுக்கு வருகிறோமே என்று நான் போட்டு வந்தேன்.
படத்தில் அது வெள்ளைப் புள்ளியாய் விழுமாம்,
வேறேதோ என்று நினைத்துவிடுவார்களாம்.
ஈரப் பஞ்சால் துடைத்தார்கள்.
இந்தக் குளிரில், ஈரப் பஞ்சு.
குழாய் அதோ. இப்போதே துடைத்துக்கொள்.

சேலையில் வந்தது நல்லது.
அந்த நைட்டிக்காரம்மா பாவம்,
மொத்தமும் கழற்ற வேண்டியதாயிற்று.

தாலிக்கொடியையும் எடுக்கச் சொல்வார்கள்.
ஏழு ஊக்கு, ஒரு டிரங்குப்பெட்டிச் சாவி.
எவர்சில்வர் தட்டில் அது விழுந்த சத்தத்துக்கு
எனக்கே சிரிப்பு வந்தது.
உள்ளே இருக்கிற பெண்ணின் பேர் கிளாடிஸ். குன்னூர்ப் பக்கம்.
தொடுவதற்கு முன்
இரண்டு கையையும் உரசி உரசிச் சூடாக்கிக்கொண்டாள்.
அந்தத் தட்டைத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியாது.
உறைபனி விழுந்த காலையில்
முதல் கொழுந்தைத் தொடுவோமே, அது மாதிரி.

பிறகு அமுக்கும்.
மேலிருந்து ஒருதரம், சாய்வாக ஒருதரம்,
இரண்டு பக்கமும் சேர்த்து நாலு.
ரொட்டி தட்டின மாதிரி ஆகிவிடுகிறது. பார்க்காதே.
நான் பார்த்தேன்.
மூன்று பிள்ளைக்குக் கொடுத்தது இதுதானா என்றிருந்தது.
'மூச்சை நிறுத்துங்க' என்பாள்.
தராசு முள் நிற்கிற வரை எண்ணுவேனே, அப்படி எண்ணினேன்.
பத்துக்குள் விட்டுவிடுகிறது.

மூன்றாவது படத்தில் வலித்தது.
சொல்லவில்லை.
அட்டை கடித்தால் சொல்வோமா,
கவாத்துக் கத்தி பட்டால்,
படங்குக் கயிறு இடுப்பை அறுத்தால்?
ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லைங்க,
இருபத்திரண்டு வருஷமாய் அதே ஒண்ணுமில்லை.
அவள்தான் என் கால்விரல் மடங்கியிருந்ததைப் பார்த்தாள்.
'வலிக்குதாக்கா? சொன்னால்தானே எனக்குத் தெரியும்.'
வலிக்குது என்றேன்.
சத்தமாய் வந்துவிட்டது.
தோளை இறக்கச் சொன்னாள்,
ஒரு நூல் தளர்த்தினாள்.
ஒரு நூல்தான்.
அதற்குள் நான் முழுசாய் நிற்க முடிந்தது.

குளித்து எத்தனை நாளாச்சு?
ஒரு வாரமா, அப்போ உனக்கு இவ்வளவு இருக்காது.
எனக்கு இன்னும் நாலு நாளில் வந்துவிடும்,
கல்லாய்க் கனத்துக் கிடந்தது.
நாள் பார்த்து வா என்று யாரும் சொல்லவில்லை.

மறுபடி கூப்பிட்டால் பயப்படாதே.
படம் சரியாய் விழாமல் இருக்கலாம்.
சிலருக்குச் சதை இறுக்கமாம், மூடுபனிபோல் தெரியுமாம்.
கூப்பிடப்பட்டவர்களில் அநேகம் பேருக்கு ஒன்றும் இருக்காதாம்.
கதவைத் திறக்குமுன் கிளாடிஸ் இதைச் சொன்னாள்.
இரண்டு தரம் சொன்னாள்.

அதனால்தான் நான் இன்னும் போகவில்லை.
மூன்று மணி பஸ் போய்விட்டது,
அடுத்தது ஐந்துக்கு.

உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், போ.
இந்தா, இந்தச் சால்வையை வைத்துக்கொள்,
அவள் ஸ்கிரீனைச் சரிபார்க்கும் நேரம்
போர்த்திக்கொண்டு நிற்கலாம்.
திரும்பி வரும்போது கொடு.
இங்கேதான் இருப்பேன்.