தொரப்பள்ளி, ஒன்பது மணிக்கு மேல்

ஒன்பது அடித்ததும் தடுப்புக் கம்பம் இறங்கும்.
இனி விடியும்வரை சாலை யானைகளுக்கு.
லாரிகள் ஒவ்வொன்றாக இன்ஜினை அணைக்க
கூடலூர்ப் பக்கம் தேயிலைச் சரிவுவரை
டீசல் வாசனை படிந்து நிற்கும்.

எனக்கு அந்தக் கம்பம் போதும்.
இவர்கள் நிற்கிற இடம் வேறெதுவென்று
தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.
ஒரு பிளாஸ்டிக் முக்காலி, சர்க்கரை மெஷின்,
கையில் சுற்றும் பட்டை, வாளித் தண்ணீர்.
மழைக்கு, செக்போஸ்ட் மாதன் கொடுத்த தார்ப்பாய்.

முதல் வாரம் யாரும் வரவில்லை.
"எய்ட்ஸ் டெஸ்டா, சிஸ்டர்?"
கேபினிலிருந்தே ஒருவன் கேட்டான்.
வரிசை முழுக்கச் சிரிப்பு.
அது ஒன்றுக்காகத்தான் இதுவரை
அவர்களைத் தேடி ஆள் வந்திருக்கிறது.

அர்த்தநாரி வந்தது தலைவலி மாத்திரைக்கு.
திருச்செங்கோடு. வயது ஐம்பத்தொன்று.
கொச்சியில் உரம் ஏற்றி ஹூப்ளிக்கு;
திரும்புகையில் வெங்காயம்.
சட்டைப்பையில் ஒரு கற்றைச் சீட்டு:
பாலக்காட்டில் மலையாளம், தாவணகெரேயில் கன்னடம்,
சேலத்தில் எந்த மொழியிலும் சேராத ஒரு கையெழுத்து.
எல்லாச் சீட்டும் அவரை
ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தது.

"செவ்வாக்கெழம வரச் சொல்றாங்க.
அந்தச் செவ்வா நான் எந்த ஊர்ல இருப்பேன்னு
ஆபீசுக்கே தெரியாதுங்க."

வண்டிக்கு எஃப்.சி. எப்போது என்றேன்.
நாள், மாதம், பிரேக் லைனிங் மாற்றிய கிலோமீட்டர்,
எல்லாம் மனப்பாடம்.
உங்களுக்கு?
காதில் செருகிய பீடியை எடுத்தார். திரும்பச் செருகினார்.

செருப்பைக் கழற்றச் சொன்னேன்.
வலது பாதம், பெருவிரலடியில்
நாலணா அகலத்துக்கு ஒரு புண்.
"எப்போ பட்டது?"
"பட்டுதுங்களா?"

கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் தொட்டேன்.
இழை பட்டதும் 'இப்ப' என்று சொல்லவேண்டும்.
இடது காலில் சொன்னார்.
வலதில், விரல். விரலடி. குதிகால்.
ஓடையில் தவளைகள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்தக் காலைத்தான் பிரேக்கில் வைக்கிறார்,
இருபது டன் வெங்காயம் முதுகைத் தள்ள,
நாடுகாணி வளைவுகளில், மூடுபனியில்.

கம்பெனிக்குச் சொன்னால் வேலை போகும்.
சொல்லாவிட்டால், எதிரே வரும் பள்ளி வேனை நினைத்தேன்.
அவரிடமே சொன்னேன்.
வெகுநேரம் காலைப் பார்த்தார்,
கடன் வாங்கி ஓடிப்போனவனைச் சந்தையில் பார்த்ததுபோல.
"காதுலதாங்க ஓட்டிட்டிருந்தேன்" என்றார்.
"பிரேக் புடிக்கிற சத்தம் கேக்குமுல்ல."

அந்த லோடை மச்சான் ஓட்டினான்.
அதற்கடுத்த நாலு லோடையும்.
அர்த்தநாரி பக்கத்து சீட்டில், கால் கட்டோடு,
பாதிச் சம்பளத்தில், முழு எரிச்சலில்.

செவ்வாய்தோறும் என் போனுக்கு ஒரு பாதம் வரும்.
புண் மாறுகிறதா என்று பார்க்கத்தான் பெரிதாக்குவேன்;
கண் பின்னால் இருக்கும் தரைக்குப் போய்விடும்.
ஒருமுறை செம்மண். ஒருமுறை சுங்கச்சாவடிச் சிமெண்ட்.
ஒருமுறை ஏதோ ஊரின் நனைந்த வைக்கோல்.
ஆறாவது வாரம் புண் பொட்டளவு.
உணர்ச்சி திரும்பாது. அதையும் சொல்லியிருக்கிறேன்.
பெரிய வண்டியை விற்றுவிட்டு
சமவெளியில் பால்வண்டி பார்க்கலாமா என்று
யோசிக்கிறாராம். யோசிக்கிறார்.

நேற்று முக்காலியில் வேறொருவன்.
இருபத்தொன்பது இருக்கலாம். நல்ல உடம்பு.
"அர்த்தநாரியண்ணன் சொல்லிச்சு,
சும்மா ஒரு தடவை பாத்துக்கடான்னு."
ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தான்.

கண்ணை மூடுங்க என்றேன்.
இழையை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்,
இன்னும் தொடவில்லை.

"இப்ப" என்றான்.